நில்லா ஒளியும் நிழற்படமும்

புகைப்படக் கலைக்கு உயிராவது ஒளி. காமிராவையும் வில்லையையும் பொருள் கொடுத்துப் பெறலாம். ஒளியோ எவர் வேண்டினும் ஒரு கணமும் தங்குவதில்லை. சூரியன் தன் விட்டத்தளவு வானில் நகர்வதற்கு ஏறக்குறைய 2 நிமிஷமே செல்லும். நண்பகலில் இந்நகர்வு நமக்குப் புலனாவதில்லை. மாலையில் அது தொடுவானை அணுகியதும், சுவரிலும் மரமுடியிலும் படிந்த கதிர்கள் நாம் பார்த்திருக்கும்பொழுதே அகன்றுவிடுகின்றன. இத்தகைய ஒளியைப் படத்தில் அமைக்கக் கைவிரைவு வேண்டும் என்பர் பலர். அது மட்டும் போதாதென்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம்.

1941ஆம் ஆண்டில், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்ஸெல் ஆடம்ஸ் என்பார் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் மோட்டாரில் சென்றுகொண்டிருந்தார். ஹெர்னான்டெஸ் என்னும் சிற்றூருக்கு அப்பால், கிழக்கே பனிமலைகளின்மேல் நிலா எழுந்திருந்தது. மேற்கே சாயும் சூரியன், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மீது தன் இறுதிக் கதிர்களை வீசிற்று. அவர் வண்டியை நிறுத்தி, பெரிய காமிராவை முக்காலியில் பொருத்தினார். ஒளியை அளக்கும் மானியைத் தேடினார், அஃது அகப்படவில்லை.

அவ்வேளையில் அவருக்குத் துணைநின்றது, முன்னரே கற்றிருந்த ஓர் எண்ணேயாம். நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 காண்டில் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனைக் கொண்டு மனத்தளவிலேயே கணக்கிட்டு, வில்லையின் துவாரத்தைச் சுருக்கி, 1 விநாடி ஒளி புகவிட்டார். மற்றொரு படமும் எடுத்துவைப்போம் எனப் பிலிம் உறையைத் திருப்புவதற்குள், சிலுவைகளை விட்டு ஒளி நீங்கிற்று. எஞ்சியது ஒரே நெகடிவ்.

அதிலும் குறையில்லாமல் இல்லை. நிலவுக்கேற்ற கணக்கில் ஊரின் பகுதி மெலிந்து பதிந்தமையால், 1948இல் அப்பகுதியை இரசாயன முறையால் திடப்படுத்தினார். எடுத்த ஆண்டினைக்கூட அவர் பிற்காலத்தில் பலவாறு குறித்தார். 1991இல் வானநூல் அறிஞர் ஒருவர், படத்திலுள்ள நிலவின் நிலையை ஆராய்ந்து, அது 1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை 4.49 மணிக்கு எடுக்கப்பட்டதெனக் கணித்தார்.

இக்காலக் காமிராக்கள் ஒளியைத் தாமே அளந்துகொள்கின்றன. எனினும், எவ்வொளி எப்பொழுது எங்கு விழும் என்பதை நாமே அறிதல் வேண்டும். ஆகவே, இக்கலையில் ஆர்வமுள்ள மாணவ நண்பர்கள், நம் கல்லூரிக் கட்டடங்களில் எச்சுவரில் எம்மணிக்கு வெயில் படிகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்பதைச் சில வாரங்கள் குறித்து வருவாராக. காமிராவின் உறுப்புகளை இருளிலும் தடவி இயக்கப் பழகுவாராக. ஒளி வந்தபின் கற்கத் தொடங்குவோர்க்கு அவ்வொளி பயன்படுவதில்லை; ஏட்டைப் புரட்ட அவகாசமில்லாத வேளையில் நினைவில் நிற்கும் கல்வியே கைகொடுக்கும்.