அப்பாவுக்குப் பாடத்தை எழுது

அன்புள்ள மருமகனுக்கு,

வாரம் தவறாமல் போனில் பேசினாலும் மாதம் ஒரு கடிதமும் எழுதுகிறாய். அது எனக்குப் பெரிய சந்தோஷம். போன வாரம் வந்ததை அக்கா வாசித்தாள். ஹாஸ்டல் சாப்பாடு, மெஸ் பில், அறைத் தோழனின் காய்ச்சல் எல்லாம் விவரமாக இருந்தது. படிப்புக்கு ஒரே வரி: "இந்த செமஸ்டரில் கான்கிரீட் டெக்னாலஜி, நன்றாகப் போகிறது." மச்சான் அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

மகன் படிப்பது தனக்கு எட்டாத விஷயம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கான்கிரீட் போட்டே தலை நரைத்த கொத்தனார் அவர். அவருக்கு எட்டாமல் யாருக்கு எட்டும்?

அடுத்த கடிதத்தில் பாடத்தையே எழுது. லேபில் ஸ்லம்ப் டெஸ்ட் செய்திருப்பாய். 30 செ.மீ. உயரக் கூம்பில் கலவையை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராகத் தூக்கியதும் கலவை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கிறீர்கள். மச்சானிடம் கூம்பு கிடையாது. கரண்டியால் கலவையை ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். இழுத்த தடம் மூடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "போதும், தண்ணிய நிறுத்து" என்பார். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

தளம் போடும் நாளில் அவர் ஆட்களிடம் சத்தம் போடுவதும் பெரும்பாலும் தண்ணீருக்காகத்தான். கலவை சுலபமாக ஓடட்டும் என்று ஆட்கள் குடத்தைச் சாய்த்துவிடுவார்கள். சிமென்ட்டோடு ரசாயனமாகச் சேர, அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் போதும். கலவை இளகி வருவதற்காகத்தான் அதற்கு மேல் சேர்க்கிறோம். மிஞ்சுகிற தண்ணீர் உலர்ந்து போகும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. தண்ணீர் கூடக் கூட வலு குறைவதை 1918-ல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் சோதனை செய்து காட்டினார். உன் புத்தகத்தில் அது ஒரு வளைகோடாக இருக்கும். அந்தக் கோட்டை வரைந்து அனுப்பு. இத்தனை வருஷம் தான் போட்ட சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

அவரிடம் நீ கேட்க வேண்டியதும் இருக்கிறது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று நீ கணக்குப் போடுகிறாய். மழை பெய்த மறுநாள் மணலிலேயே தண்ணீர் இருக்கும், அதைக் கழிக்க வேண்டும். போதாததற்கு ஈர மணல் உப்பிக் கிடக்கும். பெட்டியால் அளந்தால் நினைத்ததைவிடக் குறைந்த மணல்தான் விழும். வேலையிடத்தில் அவர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? பரீட்சைத் தாளில் இதற்கு ஒரு சூத்திரம் எழுதிவிடலாம். சைட்டில் நிற்கும்போது அவர் சொல்வதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவையும் விட்டுவிடாதே. கல்யாணமான புதிதில் மச்சானோடு சித்தாளாகப் போனவள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அவள் வேலை. 15 செ.மீ. கனச்சதுரங்களைத் தண்ணீரில் போட்டுவைத்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்க்கிறீர்களே, அது எதற்கென்று அவளுக்கு எழுது.

புரியாத இடத்தையும் மறைக்காமல் எழுது. இன்டர்னலில் மார்க் குறைந்தாலும் எழுது. வீட்டில் யாரும் உன்னைத் திட்டப் போவதில்லை, அதற்கு நான் பொறுப்பு.

தீபாவளிக்கு வரும்போது ரெக்கார்ட் நோட்டை எடுத்து வா. மச்சான் வேலை எடுத்திருக்கிற வீட்டுக்கு அந்த வாரம்தான் தளம் போடுகிறார்கள். ஐப்பசி மழையில் மணல் ஈரமாகத்தான் கிடக்கும். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார், நீயும் கூடப் போ.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்