பெட்டி இழுக்கும் டீசல் பிக்கப் வண்டியைப் பேணும் முறை

வண்ணாத்திவில்லுப் பகுதிக் கமக்காரர் பலர் நெல் மூடை, பசளை, மரக்கறி முதலியவற்றைப் பிக்கப் வண்டியின் பின் இழுவைப் பெட்டி பூட்டிக் கொண்டு செல்கின்றனர். அறுவடை நாளில் வண்டி நின்றுவிடின், பறித்த கத்தரியும் பயற்றங்காயும் வாடும். காலைச் சந்தையின் விலையும் தவறும். ஆகவே, வண்டி இன்று எவ்வளவு பாரம் இழுக்கும் என்பதிலும், பத்தாண்டு கழிந்தும் அதே பாரத்தை இழுக்குமா என்பதே கருதத்தக்கது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை மிக இறுக அமுக்குவதால் உண்டாகும் வெப்பத்திலேயே எண்ணெய் எரிகின்றது. சிலிண்டர் தேய்ந்தால் அமுக்கம் குறையும்; காலையில் கிளம்பாது, புகை மிகும், இழுவை தளரும். பெட்டி இழுக்கும் வண்டிக்கு வெப்பமும் தேய்வும் மிகுதி எனக் கொள்ளல் வேண்டும். அவற்றைத் தடுக்கும் வழிகள் வருமாறு:

1. தூசி. இப்பகுதிச் செம்மண் வறட்சிக் காலத்தில் மாவெனப் பறக்கும். காற்று வடிகட்டி கிழிந்தோ தளர்ந்தோ இருப்பின், அம்மண் சிலிண்டரை அராவிவிடும். வறண்ட மாதங்களில் வாரந்தோறும் வடிகட்டியைப் பார்த்தல் வேண்டும்.

2. வெப்பம். இவ்வூரின் அடிநிலம் சுண்ணக்கல்லாகும். அருவக்காட்டில் அது அகழப்படுகின்றது. அத்தகைய நிலத்துக் கிணற்று நீரை றேடியேற்றரில் ஊற்றின், பானையில் படிவது போலக் குழாய்களிலும் சுண்ணாம்பு படியும். வடித்த நீரும் கூலன்றும் கலந்தே ஊற்றுக. சூடாயிருக்கும்போது மூடியைத் திறத்தலாகாது. டேர்போ பூட்டிய எஞ்சினைப் பாரம் இழுத்தவுடன் நிறுத்தாது, இரண்டு நிமிடம் மெல்ல ஓடவிடுக.

3. ஒயில். கைநூலில் கடும் பாவனைக்கெனக் குறித்த குறைந்த தூரத்திலேயே ஒயிலை மாற்றுக. டீசல் வடிகட்டியில் தேங்கும் நீரையும் ஒழுங்காக வெளியேற்றுக.

4. நீர். மாரியில் கலா ஓயா பெருகி எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தை மேவும்போது எவரும் கடக்க முயலலாகாது. வயற்பாதையில் அச்சளவு நீரில் இறங்க நேரின், சூடான டிபறன்சல் திடீரெனக் குளிர்ந்து நீரை உள்ளிழுக்கும். அதன் ஒயில் பால் நிறமாயின் உடனே மாற்றுக. பெட்டிச் சில்லுகளுக்கும் புதிய கிறீஸ் இடுக.

5. பாரம். வண்டிக்கும் பெட்டிக்கும் குறித்த அளவைக் கடத்தலாகாது. மூடைகளைச் சில்லுகளுக்குச் சற்று முன்னாக அடுக்குக. பெட்டியின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு கொழுவியில் தங்குதல் நன்று. பின்பாரம் மிகுந்தால் பெட்டி ஆடி, வண்டியையும் இழுத்துச் சாய்க்கும்.

6. கியரும் பிறேக்கும். உயர் கியரில் எஞ்சினைத் திணறவிடாது, தாழ்ந்த கியரில் இழுக்கச் செய்க. கிளச்சை அரைவாசி மிதித்தபடி ஓட்டின் அது விரைவில் கருகும். பிறேக் இல்லாத பெட்டி வண்டியை முன்னே தள்ளுமாதலால், இடைவெளி மிக விட்டு ஓட்டுக.

பழைய வண்டி வாங்குவோர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்த்தல் வேண்டும். சூடேற்றி வைத்த எஞ்சின் தன் தேய்வை மறைக்கும். கொழுவி பூட்டிய சட்டத்தில் வெடிப்பும் துருவும் உளவோ எனவும் நோக்குக.

ஒயில் மாற்றிய திகதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வருதல் சிறு வேலையே. எனினும், அறுவடை நாளில் வண்டி வழியில் நில்லாதிருக்க அதுவே துணையாகும்.