‘சாமி இடம்தானே’ என்று விட்டுவிடாமல் இருக்க: கோயில், சர்ச், தர்கா நிர்வாகிகளுக்கு

திருப்போரூர் கந்தசாமி கோயிலில் கிருத்திகை என்றால் சரவணப் பொய்கைக்கரையில் கால் வைக்க இடமிருக்காது. கோவளத்தில் கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் இருக்கின்றன. மாமல்லபுரத்திலோ மாசி மகத்தன்று கன்னியம்மனைக் கும்பிட வரும் இருளர் குடும்பங்கள் மணலில் புடவைகளைக் கட்டிக் குடில் போட்டு இரவு தங்குகின்றன. எல்லா இடத்திலும் பிள்ளைகள் பெரியவர்கள் கண்ணைவிட்டு ஓடுவது சகஜம். ‘சாமி இடம்தானே, யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்’ என்று நாமும் விட்டுவிடுகிறோம். பிள்ளைகளிடம் தவறாக நடப்பவனுக்கு வசதியாகிப்போவது இந்த நினைப்புதான்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்துக்கு இது தெரிந்திருக்கிறது. கல்வி நிறுவனத்திலோ மத நிறுவனத்திலோ நிர்வாகியாக, ஊழியராக இருப்பவர் அந்த இடத்துப் பிள்ளையிடம் பாலியல் குற்றம் செய்தால், அதைச் சாதாரணக் குற்றமாகப் பார்க்காமல், கூடுதல் தண்டனைக்குரிய கடும் குற்றங்களில் சேர்த்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

விஷயம் காதுக்கு வந்ததும் வெளியே சொல்லுங்கள். வெளியே என்றால் காவல் நிலையம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. தர்மகர்த்தா, ஜமாத் தலைவர், பங்குப் பேரவை, ஊர் நாட்டார் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு ‘அப்புறம் போலீஸ்’ என்பது கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடக்கப்போகிறது என்று தோன்றினாலும் சொல்லியாக வேண்டும்; நடந்தது தெரிந்தும் சொல்லாமலிருப்பதே குற்றம். சாதாரண ஆளுக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவரைப் பற்றித் தெரிந்தும் மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. ‘எந்த நபரும்’ சொல்ல வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. குருக்கள், பாதிரியார், உஸ்தாத் என்று யாருக்கும் அதில் விலக்கு எழுதப்படவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. தயங்கும் கமிட்டிக்காரர்களிடம் முதலில் இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

திருவிழா மைக்கைப் பிடிப்பவருக்குப் பயிற்சி கொடுங்கள். ‘சிவப்புச் சட்டை, நீல டவுசர், பேரு இது, அப்பா பேரு அது, வயசு அஞ்சு, கொடிமரத்துக்கிட்ட நிக்கிறான், வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று நாம் உதவியாக நினைத்து அறிவிக்கிறோம். வந்து கூட்டிப்போகிறவன் யாராகவும் இருக்கலாம்; தேவையான எல்லாத் தகவலையும் ஒலிபெருக்கியில் நாமே கொடுத்துவிட்டோமே. ‘ஒரு பிள்ளை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, பெற்றோர் வாருங்கள்’ என்பதோடு நிறுத்துங்கள். சட்டை நிறம், பெயர், காலில் என்ன செருப்பு என்பதையெல்லாம் வந்தவர் சொல்லட்டும். பிள்ளை அவரைப் பார்த்ததும் ஓடி வருகிறதா, பின்னால் ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள். ஆதார் அட்டையைப் படமெடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகு அனுப்புங்கள். தேடி யாருமே வரவில்லை என்றால் பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள், எவ்வளவு நல்ல மனதாக இருந்தாலும். 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்கோ, 1098-க்கோ, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம்.

மாசி மகத்தன்று கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்குப் போடுங்கள். அன்னதானப் பந்தலுக்குச் சீரியல் பல்பு சுற்றப் பணம் இருக்கிறது, சவுக்குத் தோப்போரம் ஒரு விளக்குக்கு இல்லை என்றால் அந்தக் கணக்கில் ஏதோ கோளாறு. பெண் தொண்டர்களை அங்கேயே உட்கார வையுங்கள்.

தேவார வகுப்பு, மறைக்கல்வி, மதரஸா எதுவானாலும் கதவு திறந்தே இருக்கட்டும், பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். தனியாக ஒரு பிள்ளையை அறைக்குக் கூப்பிடுவது, பைக்கில் ஏற்றிப்போவது, இரவில் வாட்ஸ்அப் அனுப்புவது வேண்டாம் என்று எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். நல்லவருக்கு இதனால் நஷ்டமில்லை. முகம் சுளிப்பவரைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கலாம்.

காப்பகம் நடத்தினால் பதிவு செய்யுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சாமி பெயரில், தேவன் பெயரில் இல்லங்கள் உண்டு. பெரும்பாலானவை நல்ல மனதோடு தொடங்கியவை. ஆனால் நல்ல மனதைப் பத்திரம் போட்டு வாங்க முடியாதே. மும்பையில் ஆங்கரேஜ் என்ற காப்பகம் தெருப் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தருவதாகத்தான் ஊர் நம்பியது. நடத்தியவர்களில் இருவர் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர்கள். பிள்ளைகளிடம் தவறாக நடந்ததற்காக அவர்களை 2006-ல் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தது, 2008-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. மாமல்லபுரம் மாதிரியான சுற்றுலாக் கரையில் இருப்பவர்கள் இந்தக் கதையை மறக்கக்கூடாது. நன்கொடை தருகிறவர் வெள்ளைக்காரரோ உள்ளூர்க்காரரோ, பிள்ளைகளோடு தனியாக விடாதீர்கள், வெளியே கூட்டிப்போக அனுமதிக்காதீர்கள், இரவு தங்க வைக்காதீர்கள். பத்து மூட்டை அரிசி கொடுத்தவரிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும்.

பிரசங்கத்திலும் உபன்யாசத்திலும் ஜும்ஆ பயானிலும் இதைப் பேசுங்கள். கோயம்புத்தூரின் சாந்தி ஆசிரமம் பல மதத்தாரையும் சேர்த்துப் பிள்ளைகளுக்காக வேலை செய்து வருகிறது. நவம்பர் 20-ஐக் குழந்தைகளுக்கான பிரார்த்தனை, செயல்பாட்டு நாளாக உலகில் பல மதத்தார் கடைப்பிடிக்கிறார்கள். அன்றைக்கு ஒரு கூட்டம் போட்டு, பிள்ளைகளையே பேசவிடலாம். பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

செய்யக்கூடாதவை

கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்காதீர்கள். நம் ஊரில் இது இன்னும் நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையைச் சன்னதியில் நிறுத்தி, ‘பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும், இப்ப சொல்லு’ என்றால், நடந்ததைச் சொன்ன பிள்ளைகூட ‘இல்லை’ என்றுதான் சொல்லும். பைபிள் மேல், குர்ஆன் மேல் கை வைக்கச் சொல்வதும் இதே கதைதான்.

திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பிள்ளை முதலில் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி விசாரணை காவல் துறையின் வேலை. அவர்களும் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோதான், சீருடை இல்லாமல், கூடியவரை பெண் அதிகாரியைக் கொண்டு வாக்குமூலம் வாங்க வேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது.

குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். தாய்க்கு முதலில் வருவது அந்த எண்ணம்தான். துணியைக் காகிதத்தில் சுற்றி, நேரே அரசு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். போலீஸ் கடிதம் கொண்டு வந்தால்தான் சிகிச்சை என்று டாக்டர் சொல்ல விதி இடம் தரவில்லை.

பணம் பேசி முடிக்காதீர்கள். ‘அவனுக்கே கட்டி வெச்சிடலாம்’ என்று சொல்பவரை அந்தக் கூட்டத்திலிருந்தே எழுப்பி அனுப்புங்கள்.

ஊர் மாற்றி விடாதீர்கள். புகார் வந்த ஆளை அடுத்த பங்குக்கோ, அடுத்த கோயிலுக்கோ, வேறு மதரஸாவுக்கோ அனுப்பினால் அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையே இதில் பட்ட பாடு உலகறிந்தது. 2019-ல் போப் பிரான்சிஸ் பிறப்பித்த ஆணை குருக்களும் துறவியரும் இத்தகைய புகார்களை மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. அது சபைக்குள் சொல்லும் வழி. அதைச் செய்துவிட்டோம் என்று காவல் நிலையத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

குழு வாட்ஸ்அப்பில் பிள்ளையின் பெயர், தெரு, படிக்கும் பள்ளி, கோயிலில் எடுத்த போட்டோ எதுவும் போடாதீர்கள். ‘பாவம், அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்’ என்று அடையாளத்தோடு அனுப்புவதும் சேர்த்திதான்.

கடைசியாக ஒன்று, மீனவக் குப்பங்களில் இது பெரிய பயம்: புகார் கொடுத்த குடும்பத்தை ஒதுக்கிவைக்காதீர்கள். கோயில் வரி வாங்க மறுப்பது, தேர் வடத்தில் கை வைக்கவிடாதது, கொயரிலிருந்து அந்தப் பிள்ளையை மட்டும் ‘கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா’ என்று நிறுத்துவது எல்லாமே தண்டனைதான், அதுவும் தப்புச் செய்யாதவருக்கு. விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்தும் சாவிக்கொத்திலிருந்தும் விலகி நிற்க வேண்டியவர் புகாருக்கு ஆளானவர்.