முருகன் காலண்டரும் ஒரு தையல் மிஷினும்: வீட்டிலிருந்தே துணித் தொழில் செய்ய கைக்குறிப்புகள்

தைக்கத் தெரிந்த தோழிகளே, கட்டிங்கும் பட்டி மடிப்பும் உங்களுக்கு அத்துப்படி. கை நிறைய வேலை இருந்தும் மாசக் கடைசியில் காசு நிற்கவில்லையே என்பதுதான் பலருக்குக் கவலை. திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் நடுவே இருக்கிற நம்ம கே.ஜி.கண்டிகைக்கு இரண்டு பக்கமும் சாமி மலை, பக்கத்திலேயே தறி ஊர்கள், கூப்பிடு தூரத்தில் ஆந்திரா. இந்த மூன்றையும் வைத்தே நல்ல தொழில் பண்ணலாம்.

1. ஆரம்பத்தில் சேலை, சுடிதார் என்று சரக்கு வாங்கி அடுக்காதீங்க. துணியை வாடிக்கையாளர் கொண்டு வரட்டும், உங்க முதல் நூல், கொக்கி, லைனிங்கோடு நிற்கட்டும். தையல் கூலியில் மிச்சம் பிடித்த காசு கையில் சேர்ந்த பிறகு முதல் கட்டு சேலை வாங்கினால் போதும். கடன் வாங்கிப் போட்ட சரக்கு விற்காவிட்டாலும் வட்டி நிற்காது.

2. கூலியைப் பக்கத்துத் தெருவைப் பார்த்து வைக்காமல், கடிகாரத்தைப் பார்த்து வையுங்க. லைனிங் ப்ளவுஸுக்கு 450 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லைனிங் 90, நூல், கொக்கி, கேன்வாஸ் 25, கரண்டும் மிஷின் தேய்மானமும் 15 போனால் மிச்சம் 320. அதைத் தைக்க 4 மணி நேரம் பிடித்தால் மணிக்கு 80 ரூபாய்தான் உங்க சம்பளம். ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒரு தடவை எழுதிப் பாருங்க. எது சோறு போடுகிறது, எது நேரத்தைத் தின்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

3. எல்லாம் தைப்பேன் என்பதைவிட, "அந்த வேலைக்கு அந்தக்காகிட்டதான் போகணும்" என்று பேர் வாங்குவது லாபம். காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பத்து நல்லி சின்னசாமி செட்டியார் 1928-ல் தி.நகரில் தொடங்கியது சின்னக் கடைதான், பட்டு என்றால் நல்லி என்ற பேர்தான் அதை வளர்த்தது. உங்களுக்கு அது ஆரி வேலையாக இருக்கலாம், பட்டுப் பாவாடையாக இருக்கலாம், பெரியவங்களுக்கு உடம்பு பிடிக்காத ப்ளவுஸாகவும் இருக்கலாம்.

4. தினப்படி காசுக்குச் சில்லறை வேலைகளைக் கைவிடாதீங்க. ஃபால்ஸ், பிகோ, முந்தானைக் குஞ்சம், சைடு பிரித்து விடுவது, முகூர்த்தச் சேலைக்கு முன்கூட்டியே மடிப்பு எடுத்து வைப்பது, இதெல்லாம் அன்றைக்கே கைக்கு வரும் காசு.

5. லைனிங்கையும் ஃபால்ஸையும் மொத்தமாக நனைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டு நிறவாரியாக அடுக்கிவிடுங்க. முதல் துவைப்பில் சுருங்கி வந்து நிற்கிற ப்ளவுஸைப் பிரித்துத் தைக்கும் வெட்டி வேலை மிச்சம்.

6. அளவு ப்ளவுஸை மட்டும் நம்பாமல் ஆள் அளவும் எடுங்க. அந்தப் பழைய ப்ளவுஸில் எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று ஒரு வார்த்தை கேட்டு நோட்டில் எழுதினால், அடுத்த தடவை துணியை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டுப் போனில் பேசிக்கொள்வாங்க. அவங்களுக்கும் அலைச்சல் இல்லை.

7. உள்பக்கம் இரண்டு சைடிலும் ஒரு அங்குலம் துணி விட்டுத் தையுங்க. நல்ல ப்ளவுஸ் உடம்பு போட்டதும் வீணாகாமல், பிரித்துவிட உங்களிடமே திரும்பி வரும்.

8. மற்ற ஊர்களில் ஆடி வந்தால் கல்யாணம் இல்லை, தையல் மிஷினுக்கு ஓய்வு. நமக்கோ அதுதான் பெரிய சீசன். ஆடிக்கிருத்திகைக்கு அசுவினி, பரணியிலிருந்தே திருத்தணி மலைக்குக் காவடி ஏற ஆரம்பித்துவிடும், சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம் என்று எங்கிருந்தெல்லாமோ மஞ்சள் உடுப்பில் குடும்பம் குடும்பமாக வருவாங்க. ஆனி மாசமே மஞ்சள் காடா எடுத்து, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை, சின்ன வேட்டி, இடுப்புத் துண்டு எல்லாம் மூன்று நான்கு அளவில் தைத்து வையுங்க. பெரியவங்க எப்படியும் வேட்டி வாங்கிக்கொண்டே வருவாங்க. குழந்தை அளவுக்குத்தான் கடைசி நேரத்தில் அலைவாங்க, அதனால் சின்ன அளவுகளைக் கூடுதலாகத் தைத்து வைப்பது நல்லது.

9. மஞ்சளோ காவியோ, வெட்டுவதற்கு முன் ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்க. மழையிலும் பொய்கைத் தண்ணீரிலும் நனையப் போகிற துணி அது, சாயம் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் உடுப்பும் போச்சு.

10. திருத்தணியில் முடி இறக்கிக் காது குத்தாத குழந்தை நம்ம பக்கம் குறைவு. மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியதும் வெயிலுக்கு ஒரு தொப்பி தேடுவாங்க. லைனிங் வெட்டிய மிச்சத்தில் மெல்லிய பருத்தித் தொப்பி தைத்து, காதுகுத்துப் பாவாடையோடு ஒரு செட்டாகக் கொடுங்க. தையலின் மடிப்பு உள்பக்கம் உறுத்தாமல் இருக்கணும், பச்சைக் குழந்தைத் தலையாச்சே.

11. முருகன் காலண்டர் ஒன்றை மிஷின் மேலே மாட்டி, ஒவ்வொரு பண்டிகைக்கும் 40 நாள் முன்னால் ஒரு வட்டம் போடுங்க. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப மாலைக்குக் கறுப்பும் நீலமும், சோளிங்கர் நரசிம்மருக்கு வாராவாரம் கூட்டம். அப்புறம் தைப்பூசம் வரைக்கும் மேல்மருவத்தூர் சிவப்புச் சேலைக்கு ப்ளவுஸ். டிசம்பர் 31 அன்று திருத்தணியில் 365 படிக்கும் பூஜை நடக்கும் படித்திருவிழாவுக்கு வரும் பஜனைக் குழுக்கள் பல ஒரே மாதிரி சேலை கட்டி வரும், ஒரு குழுவைப் பிடித்தாலே மார்கழி மந்தம் போய்விடும்.

12. உகாதியை விட்டுவிடாதீங்க! நகரி, புத்தூர் பக்கத்துச் சொந்தபந்தம் இல்லாத வீடு இங்கே எத்தனை இருக்கு? சித்திரை முதல் தேதிக்கு முன்னாலேயே அது வந்துவிடுவதால் ஒரே சீசனில் இரண்டு பண்டிகை. போர்டில் தமிழுக்குக் கீழே தெலுங்கிலும் பேர் எழுதுங்க, பெயிண்டருக்குக் கொடுக்கும் கூடுதல் கூலி சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

13. சேலை விற்கிற கட்டம் வந்ததும் நேரே தறி ஊருக்குப் போங்க. அம்மையார்குப்பமும் பொதட்டூர்பேட்டையும் பக்கத்தில் இருக்க, அந்தச் சேலையே நாலு கை மாறிச் சென்னை போய் வந்த பிறகு நாம் ஏன் வாங்கணும்? பத்துச் சேலையை ஒரே டிசைனில் எடுக்காமல் பத்து நிறமாகக் கேளுங்க. முந்தானை, உடல், ப்ளவுஸ் மூன்றையும் வெளிச்சத்தில் விரித்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. சின்னக் குறையுள்ள சேலையைத் தனி விலைக்குக் கேட்டு வாங்கி, குறையை மறைக்காமல் சொல்லியே விற்கலாம். குழந்தைப் பாவாடை தைக்கவும் அது தோது.

14. லேஸ், மணி, ஜர்தோசி, கொக்கி இதற்கெல்லாம் சென்னைதான் மலிவு. திருத்தணியில் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால் சவுகார்பேட்டையும் குடோன் தெருவும் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், வார நாளில் போங்க. துணி மாதிரித் துண்டுகளை ஒரு நோட்டில் ஊசி குத்தி எடுத்துப் போனால் நூல் நிறம் தப்பாது. அக்கம்பக்கத்தில் தைக்கிற நாலு பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் விலையும் இறங்கும், ரயில் செலவும் ஒருத்தர் தலையில் விழாது.

15. ஆடித் தள்ளுபடியில் கடைக்காரர் கழிக்கிற சரக்கில் பூப்போட்டதும் புது ஃபேஷனும் நமக்கு வேண்டாம். வெள்ளை, சந்தனம், கறுப்பு, மெரூன் என்று எந்த வருஷமும் போகிற பிளெயின் துணிகளை மட்டும் எடுங்க.

16. பவர் மிஷின் வாங்கினால் சர்வோ மோட்டாராகக் கேளுங்க. பழைய கிளட்ச் மோட்டார் நீங்கள் ஊசியில் நூல் கோக்கும்போதும் சுற்றிக்கொண்டே கரண்ட் இழுக்கும், சர்வோ மிதித்தால்தான் ஓடும். ஊசியும் முக்கியம்: மெல்லிய பட்டுக்கு 11, பருத்திக்கு 14, ஜீன்ஸ் பேன்ட்டுக்கு 16. முனை மழுங்கின ஊசி ஐயாயிரம் ரூபாய்ப் பட்டில் இழை இழுத்துவிடும்.

17. வெட்டின துண்டுகளை அன்றன்றைக்கே மூன்றாகப் பிரித்துவிடுங்க. நீளத் துண்டு பைப்பிங்குக்கும் ரோப்புக்கும், கையகலத் துண்டு தலைப் பூவுக்கும் சுருக்குப் பைக்கும், தூள் துணி தலையணைக்குள்ளே.

18. தைத்ததைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் திண்ணை வெளிச்சத்தில், வெறும் சுவர் பின்னால் இருக்கப் படம் எடுங்க. ட்யூப்லைட்டில் மெரூன் சிவப்பாகத் தெரியும், அப்புறம் நிறம் வேறே என்று பேச்சு வரும். வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி இலவசம்தான், அதன் கேட்டலாக்கில் படத்தோடு கூலியையும் போட்டுவிட்டால் "எவ்வளவுக்கா?" என்ற கேள்விக்கே பாதி நாள் போகாது. அடுத்தவர் வேலையின் படத்தை எடுத்துப் போடாதீங்க. அதே மாதிரி கேட்டு வந்து நிற்பாங்க.

19. பாதி முன்பணம் வாங்காமல் கத்தரி வைக்காதீங்க, சொந்தக்காரங்களாக இருந்தாலும் சரி. டெலிவரி தேதியை இரண்டு நாள் தள்ளிச் சொல்லி, இரண்டு நாள் முன்னால் கொடுத்துப் பாருங்க, அந்தச் சந்தோஷத்தில் மீதிப் பணமும் பேரம் இல்லாமல் வந்துவிடும்.

20. உத்யம் பதிவு ஆதாரை வைத்து இணையத்தில் செய்வது, கட்டணம் ஒரு பைசா கிடையாது. பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்தால் அரைமணியில் முடிகிற வேலைக்கு ஏஜெண்டுக்கு ஏன் ஆயிரக்கணக்கில் கொடுக்கணும்?

21. மிஷினுக்குக் கந்துவட்டிப் பக்கம் போகவே போகாதீங்க. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். 35 வயது நிரம்பினவங்களுக்கு, தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்க. தையலில் இன்னும் கை பழகணும் என்றால், மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம்.

22. எல்லை ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. துணி விற்பனை வருஷத்துக்கு 40 லட்சமும், தையல் கூலி மட்டும் என்றால் 20 லட்சமும் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு. ஆனால் துணியை விற்று ஆந்திராவுக்கு கூரியரில் அனுப்ப ஆரம்பித்தால், அது மாநிலம் விட்டு மாநிலம் போகிற விற்பனை, அந்த 40 லட்ச வரம்பு துணைக்கு வராது. நகரிக்காரர் நேரில் வந்து வாங்கிக்கொண்டு போவது வேறு, நீங்கள் பார்சல் போடுவது வேறு. பதிவு எடுத்தவங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் உடுப்பு ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பார்சல் தொடங்குவதற்கு முன் ஒரு ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்க, அந்தக் கட்டணம் தண்டச் செலவு இல்லை.

23. அரசுப் பள்ளிகளில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை வருஷம் நாலு செட் சீருடை இலவசம். அதைத் தைப்பது மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள். சமூக நல அலுவலகத்தில் உறுப்பினராகச் சேர வழி கேளுங்க, கூலி சின்னதானாலும் முகூர்த்தம் இல்லாத மாசத்தில் மிஷின் ஓடும்.

24. வேலை குவிந்தால் உடனே மாசச் சம்பளத்துக்கு ஆள் போட வேண்டாம். கொக்கி, கை எம்மிங், காஜா இவற்றை வீட்டில் இருக்கிற அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பீஸ் கணக்கில் கொடுங்க. கட்டிங்கையும் கடைசி இஸ்திரியையும் மட்டும் உங்க கையிலேயே வைத்துக்கொண்டால் தரம் கெடாது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலியைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுங்க, தீபாவளி நெருக்கத்தில் அவங்கதான் கை கொடுப்பாங்க.

25. பஜாரில் கடை பிடிக்க ஆசை வந்தால், கேட்கிற வாடகையை ஆறு மாசம் ஒரு தனிக் கணக்கில் போட்டுப் பாருங்க. வீட்டுச் செலவு இடிக்காமல் அது சேர்ந்தால், அதுவே கடைக்கு அட்வான்ஸ். ஆடி சீசன் முடிந்த பிறகு பேரம் பேசப் போங்க, அதற்கு முன்னால் யாரும் வாடகையை இறக்க மாட்டாங்க.