வாங்கிய பொருளும் பறிபோகும் வசதியும்

மயிலிட்டித் துறையில் ஒருவர் தமது படகுக்கு வெளியிணைப்பு இயந்திரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து, விற்ற கம்பனியின் ஆள் இரவில் வந்து அதன் பாகமொன்றைக் கழற்றிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா? களவு என்று பொலிசுக்குப் போகும். ஆனால் கைத்தொலைபேசியில் இத்தகைய காரியம் நடைபெறும்போது, நாமே 'சரி' என்ற பொத்தானை அழுத்தி இடங்கொடுத்து விடுகிறோம்.

இது எவ்வாறு? இக்காலக் கருவிகளை இயக்குவது அவற்றினுள் இருக்கும் மென்பொருள். விற்ற பின்னரும் கம்பனி இணையத்தின் வழியாக அதனை மாற்றலாம். இதுவே 'அப்டேற்' எனப்படுவது. பெரும்பாலும் இது நன்மைக்கே. கள்வர் நுழையக்கூடிய ஓட்டைகளை இதுவே அடைக்கிறது. ஆகவே அதனை முற்றாக மறுப்பது புத்தியன்று. ஆயினும், விலை கொடுத்து வாங்கிய வசதி பறிபோவதும் இதே வழியாலேதான்.

சோனி கம்பனியின் பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவியில் லினக்ஸ் மென்பொருளை நிறுவி, அதனைக் கணினியாகவும் பாவிக்க முடிந்தது. 2010 ஏப்ரல் 1இல் வெளியிட்ட அப்டேற் மூலம், பாதுகாப்பைக் காரணங்காட்டி, கம்பனி அவ்வசதியை நீக்கியது. மறுத்தவர்கள் இணைய விளையாட்டுச் சேவையை இழந்தனர். அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு, பல ஆண்டுகளின் பின் இழப்பீட்டுடனேயே முடிந்தது.

அப்பிள் கம்பனி, பழைய பற்றரியுள்ள ஐபோன்களின் வேகத்தைத் தான் குறைத்ததை 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டது. தொலைபேசி திடீரென அணைந்துபோகாதிருக்கவே அவ்வாறு செய்ததாகக் கூறியது. 2020இல் பிரான்சில் அதற்கு 250 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. பாவனையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் விட்டதே அங்கு குற்றமாயிற்று. தெரிந்திருந்தால், புதிய தொலைபேசிக்குப் பதிலாகப் பற்றரியை மட்டும் மாற்றியிருப்பார்கள் அல்லவா?

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. பாவனையாளரை ஏமாற்றும் வியாபார நடத்தையை அது தடைசெய்கிறது. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிடவும் வழிசெய்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். முறைப்பாடு, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். வசதி பறிபோவதோ ஓராண்டோ ஈராண்டோ கழிந்த பின்னர். விற்ற நாளோடு பொருள் விற்றவர் கையை விட்டுப் போய்விடும் என்ற எண்ணத்தில் எழுந்த விதி இது. இன்றைய கருவிகள் அவ்வாறில்லை. வசதி நீக்கப்பட்ட நாளிலிருந்து இக்காலம் கணிக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியவை:

1. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, விளம்பரத் தாள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். எந்த வசதிக்காக வாங்கினீர்கள் என்பதற்கு அவையே சாட்சி.

2. அப்டேற்றுக்கு முன் அதன் விபரத்தை வாசியுங்கள். ஆங்கிலமானால் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். படங்களையும் தொலைபேசி இலக்கங்களையும் பிரதி எடுத்து வையுங்கள்.

3. வசதி போய்விட்டால் திகதியைக் குறித்து, விற்ற கடைக்கும் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள், பிரதியொன்றை வைத்திருங்கள்.

4. மூன்று மாதம் கடக்கவில்லையாயின் அதிகாரசபைக்குத் தாமதமின்றி எழுதுங்கள். 1977 என்ற இலக்கத்திலும் அதனை அழைக்கலாம்.

5. ஒரே கருவியை வாங்கிய அயலவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். சோனிக்கு எதிரான வழக்கும் தனியொருவருக்காக அன்றி, பலருக்காகவே தொடுக்கப்பட்டது.