வாக்குக் கேட்கப் பணமா பெரிது?



ஊராட்சித் தேர்தலில் நிற்க விரும்பும் நம் பிள்ளைகள் சிலர், கையில் காசில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் நடந்த தேர்தலில், வார்டு உறுப்பினர் செலவிட அனுமதித்த உச்சவரம்பே 9,000 ரூபாய்தான், தலைவருக்கு 34,000. கட்சிச் சின்னமும் இல்லை. தெரிந்த முகத்துக்கே மதிப்பு.

வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் இருபது வீடு போதும். பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்கள் பேசட்டும். நம் தெருவோடு நிற்காமல் எல்லாச் சமுதாயத்தார் வாசலுக்கும் செல்லுங்கள். குடிநீர், தெருவிளக்கு என்று அவர்கள் சொல்லும் குறையை நோட்டில் எழுதி, மறுமுறை அதைப் பற்றியே பேசுங்கள். துண்டறிக்கை அடித்தால் அச்சகத்தார், வெளியிடுபவர் பெயர் அவசியம். பள்ளிவாசலைப் பிரச்சார மேடையாக்காதீர்கள்.

பராந்தக சோழன் காலத்து நம் உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்றிருக்கிறது. இன்றும் முடிவு வந்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்குத் தர வேண்டும்.

நாம் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம்: பதவி அமானிதம், ஓட்டுக்குக் காசு கொடுப்பதும் வாங்குவதும் லஞ்சம். அல்லாஹ் நம்மைக் காப்பானாக.