வாய் உள்ள பெட்டியா, வாய் இல்லாத பெட்டியா?

கேள்வி: என் மகன் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. முழுப் பரீட்சையில் கணக்கில் 90 வாங்கினால் கேம் பெட்டி வாங்கித் தருவதாக என் கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். பையன் 93 வாங்கிவிட்டான். இப்போது வீட்டில் மூன்று கட்சி. பையனுக்கு பிஎஸ் 5தான் வேண்டுமாம். “எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இருபதாயிரம் கம்மி, ரெண்டும் ஒண்ணுதானே” என்கிறார் கணவர். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியோ, லீவுக்கு வரும்போது நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கி வருகிறேன் என்கிறான். எங்கள் டிவி 43 இன்ச், 4கே. பையன் கேட்பது ஃபுட்பால், கிரிக்கெட், ஸ்பைடர்மேன். ஆறு வயதில் ஒரு மகளும் உண்டு. எதை வாங்குவது?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: பையனுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். கணக்கில் 93 எடுத்தவன் வீட்டில் கணக்குப் பார்க்காமல் பெட்டி வாங்கக் கூடாது. அதனால் உங்கள் கணவர் சொன்ன அந்த இருபதாயிரத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. டிஸ்க் போடும் பிஎஸ் 5 ஸ்லிம் 2024-இல் 54,990 ரூபாய்க்கு வந்தது. (பண்டிகைக் காலத்தில் சில ஆயிரம் குறைப்பார்கள், அவசரமில்லை என்றால் காத்திருங்கள்.) வித்தியாசம் சும்மா வரவில்லை. சீரிஸ் எஸ் பெட்டியில் டிஸ்க் நுழைக்க வாயே கிடையாது. அட்டையில் 512 ஜிபி என்று போட்டிருக்கும் மாடலில், சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக கேம்களுக்கு மிஞ்சுவது 364 ஜிபி. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தொடுகிற காலம் இது. மூன்று கேம் ஏற்றினால் பெட்டி நிரம்பிவிடும். நான்காவது வந்தால் ஒன்றை வெளியே அனுப்ப வேண்டும்.

வேலைத்திறனிலும் அது தம்பி பெட்டிதான். அதன் அண்ணன் சீரிஸ் எக்ஸுக்கு 16 ஜிபி மெமரி, இதற்கு 10. 2023-இல் ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற புகழ்பெற்ற கேம் பிஎஸ் 5-க்கு செப்டம்பரில் வந்தும் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதியை சீரிஸ் எஸ்ஸில் ஓடவைக்க முடியாததே தாமதத்துக்குக் காரணம். கடைசியில் அந்த வசதியை சீரிஸ் எஸ்ஸுக்கு மட்டும் எடுத்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள்.

ஆனாலும் என் கவலை மெமரி அல்ல, அந்த வாய்.

நான் ஒருமுறை டிஸ்க் போட முடியாத பெட்டி வாங்கிச் சூடுபட்டவன். ஆசை ஆசையாய் ஒரு கேமை நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து டவுன்லோட் செய்தேன். இரண்டு மணி நேரத்தில் அலுத்துவிட்டது. விற்க முடியாது, இரவல் தர முடியாது, சித்தப்பா பையனுக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. இன்றும் என் கணக்கில் அது சும்மா கிடக்கிறது. டிஸ்க்காக இருந்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கைமாறியிருக்கும்.

சோனியின் சொந்த கேம்கள் பிஎஸ் 5-க்கு 4,999 ரூபாய் என்று வருகின்றன. வருடம் நான்கு வாங்கினால் இருபதாயிரம். உங்கள் கணவர் பெட்டியில் மிச்சப்படுத்த நினைத்த பணம் ஒரே வருடத்தில் கேமில் போய்விடும். டிஸ்க் என்றால் வழி உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பெரிய ஊர்களின் கேம் கடைகளிலும் பழைய டிஸ்க்கை வாங்கவும் செய்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். பையன் வகுப்பில் இன்னும் இரண்டு பேரிடம் பிஎஸ் 5 இருந்தால் இன்னும் லாபம். மூவரும் ஆளுக்கொரு கேம் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பெட்டி வாங்கும் முன் பையனிடம் கேட்க வேண்டியது “உன் கூட்டாளிகள் யார் யாரிடம் என்ன இருக்கிறது?” என்பதைத்தான்.

பழைய டிஸ்க் வாங்கும்போது ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் பரவாயில்லை. நகம் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக, வட்டமாக ஓடும் கீறல் என்றால் வேண்டாம். நீல உறையின் மேல்பட்டை வெள்ளையாக இருந்தால் பிஎஸ் 5 டிஸ்க்; முழுக்க நீலமாக இருந்தால் பிஎஸ் 4 டிஸ்க். பிஎஸ் 4 டிஸ்க்குகளில் அநேகமாக எல்லாமே பிஎஸ் 5-இல் ஓடும், விலையும் குறைவு. பிஎஸ் 2, பிஎஸ் 3 டிஸ்க்குகள் ஓடாது. பரணில் இருப்பதை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

டிஸ்க் இருந்தாலும் இன்டர்நெட் வேண்டும். டிஸ்க்கில் இருப்பது முதலில் பெட்டிக்குள் காப்பி ஆகும், பிறகு அப்டேட் இறங்கும். அதன் பின்னும் ஆடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், பூட்டுக்குச் சாவி மாதிரி. சில கம்பெனிகள் சாவியை மட்டுமே விற்கின்றன: 2022-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ டிஸ்க்கில் 100 எம்பி சரக்குகூட இல்லை, மற்றதெல்லாம் டவுன்லோட். உங்கள் வீட்டு பிராட்பேண்ட் 50 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி இறங்க நாலரை மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள்.

அடுத்து ஸ்பைடர்மேன். பையன் கேட்கும் அந்த கேம்கள் சோனிக்குச் சொந்தம், எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. ‘காட் ஆஃப் வார்’, ‘கிரான் டூரிஸ்மோ’வும் அப்படித்தான். எதிர்த்திசையில் கதவு திறந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் கார் பந்தய கேமான ‘ஃபோர்சா ஹொரைசன் 5’ 2025 ஏப்ரலில் பிஎஸ் 5-க்கே வந்துவிட்டது. அங்கிருந்து இங்கே வருகிறது, இங்கிருந்து அங்கே போவது அபூர்வம். ஃபுட்பாலும் கிரிக்கெட்டும் இரண்டு பெட்டியிலும் உண்டு.

எக்ஸ்பாக்ஸை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. அதன் கேம் பாஸ் நல்ல யோசனை. மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள்; வாடகை நூலகம் மாதிரி. எதையும் முழுதாக முடிக்காமல் தாவித் தாவி ஆடும் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். ஆனால் வாடகையை வீட்டுக்காரர் ஏற்றுவார். 2025 அக்டோபரில் அமெரிக்காவில் அதன் உயர்ந்த சந்தாவை மாதம் 20 டாலரில் இருந்து ஒரே தாவலில் 30 டாலராக்கினார்கள். இரண்டு கம்பெனியிலும் காசு கொடுத்து வாங்கும் கேமை நண்பர்களோடு ஆன்லைனில் ஆட சந்தா தனி என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு அது தேவையில்லை.

இனி உங்கள் தம்பி. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, உங்கள் மகளை நினைத்தால். நின்டெண்டோவின் கார் பந்தய கேமான மரியோ கார்ட்டில் ‘ஸ்மார்ட் ஸ்டீயரிங்’ என்று ஒன்று உண்டு; போட்டுவிட்டால் ஆறு வயதுப் பிள்ளை ஓட்டும் வண்டியும் பாதையை விட்டு விழாது. ஆனால் நின்டெண்டோ இந்தியாவில் முறைப்படி விற்பனை செய்வதில்லை. சிங்கப்பூரில் வாங்கியது பழுதானால் வாரண்டியும் சிங்கப்பூரில்தான். பையன் கேட்ட ஸ்பைடர்மேனும் அதில் இல்லை. நின்டெண்டோவின் சொந்த கேம்கள் வந்து ஏழெட்டு வருடம் ஆனாலும் விலை இறங்குவது அபூர்வம். மகள் மட்டும் இருந்த வீடாக இருந்தால் நான் ஸ்விட்சைத்தான் சொல்லியிருப்பேன். பரிசு பையனுடையது.

பாப்பாவுக்கும் பிஎஸ் 5-இல் ஒன்று காத்திருக்கிறது. ‘ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்’ என்ற கேம் பெட்டியோடு இலவசமாக வருகிறது. குட்டி ரோபோ மணலில் நடந்தால் கைப்பிடியில் ஒரு மாதிரி அதிர்வு, கண்ணாடி மேல் நடந்தால் வேறு மாதிரி. மழை பெய்தால் உள்ளங்கையில் துளி விழுவது போல் இருக்கும். முதலில் அதை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

டிவியைப் பற்றிக் கவலை வேண்டாம், உங்களுடையதே போதும். இதற்காகப் புது டிவி வாங்கச் சொல்லி கடைக்காரர் ஆரம்பித்தால் கிளம்பி வந்துவிடுங்கள். கரண்ட் செலவு பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வாட், அதாவது ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் பொம்மைகளோடு மட்டும் வைக்காதீர்கள். பின்பக்கம் சூடான காற்று வெளியேற இடம் வேண்டும். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள்.

டெபிட் கார்டு எண்ணைப் பெட்டியில் பதிந்து வைக்காதீர்கள். ஃபுட்பால் கேமுக்குள் வீரர்களைச் சீட்டுக் குலுக்கல் போல விற்கும் கடை ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் அங்கேதான் வழுக்குவார்கள். தேவைக்கு கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுங்கள். பையனுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அவன் வயதைச் சரியாகப் போட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதை அதிலேயே அமைத்துவிடுங்கள். ஜிடிஏ வேண்டும் என்று வந்து நிற்பான். அதன் அட்டையில் 18 என்று இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

ஆக, பிஎஸ் 5 ஸ்லிம் வாங்குங்கள். “டிஜிட்டல் எடிஷன் விலை கம்மி” என்று கடையில் நீட்டுவார்கள். அதற்கும் வாய் கிடையாது, வேண்டாம். டிஸ்க் எடிஷனாக, பில்லோடு, இந்திய வாரண்டியோடு எடுங்கள். பெட்டியோடு ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் வரும். இன்னொன்று இங்கே ஆறாயிரத்தை ஒட்டி வரும். தம்பி ஏதாவது வாங்கி வந்தே தீருவேன் என்றால், அதை வாங்கி வரச் சொல்லுங்கள். பாப்பாவுக்கு.